காஷ்மீரி தம் ஆலு: வெங்காயம், பூண்டு, தக்காளி இல்லாத வீட்டு முறை

ஹோட்டலில் காஷ்மீரி தம் ஆலு கேட்டால் பெரும்பாலும் முந்திரி அரைத்து, க்ரீம் ஊற்றி, லேசாக இனிக்கும் ஆரஞ்சு நிறக் குருமா ஒன்று வரும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காஷ்மீரி பண்டிட்டுகள் வீட்டில் ‘தம் ஓலவ்’ என்று சொல்லிச் சமைப்பது வேறு. அதில் வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, தக்காளி கிடையாது. முந்திரி, க்ரீம் பேச்சே இல்லை. குழம்பும் கெட்டியாக இருக்காது. செக்கச்செவேலென்று தண்ணியாக ஓடும், மேலே எண்ணெய் மிதக்கும், சோம்பும் சுக்கும் மணக்கும். கிழங்கை வெட்டிப் பார்த்தால் நடுவரைக்கும் சிவப்பு ஓடியிருக்கும்.

அந்தச் சிவப்பை நடுவரைக்கும் கொண்டுபோவதுதான் இதில் மொத்த வேலையும். மசாலா கூட்டுவது பத்து நிமிஷ விஷயம். கிழங்குக்காக ஒரு மணி நேரம் செலவழிக்க மனசு இருக்கிற நாளில் அடுப்பைப் பற்றவையுங்கள். அலுவலகத்துக்கு ஓட வேண்டிய காலையில் நம்ம ஊர்ப் பொடிமாஸே போதும்.

டெல்லியில் குடியிருந்தபோது எங்கள் மாடியில் ஒரு பண்டிட் குடும்பம் இருந்தது. 1990-ல் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறி, ஜம்முவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு டெல்லிக்கு வந்தவர்கள். அந்த வீட்டு ஆன்ட்டி செய்வதைப் பார்த்துவிட்டு நானாக ஒரு நாள் செய்து, பெருமையாக ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்பூனால் ஒரு கிழங்கைப் பிளந்தார். மேலே பழுப்பு, அதற்குள் மெல்லிசாக ஒரு சிவப்பு வளையம், மிச்சம் எல்லாம் வெள்ளை வெளேர். ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து பல்குத்தும் குச்சி டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். அன்றைக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பண்டிட்டுகள் சமயத்தில் சைவர்கள், சாப்பாட்டில் அல்ல. ஆட்டுக்கறி தாராளமாகச் சாப்பிடுவார்கள். அந்தக் கறியையும் வெங்காயம், பூண்டு இல்லாமல்தான் செய்வது அவர்களுடைய பழைய வழக்கம். அவை தரும் காரசாரத்தைப் பெருங்காயம், சுக்கு, சோம்பு மூன்றும் சேர்ந்து ஈடுகட்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், இத்தனை பாரம்பரியம் பேசும் இந்தப் பதார்த்தத்தின் இரண்டு முக்கியப் பொருள்களும் வெளியூர்ச் சரக்கு. உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வருகைக்குப் பிறகு இங்கே வந்தவை. ‘தம்’ என்ற சொல் பாரசீகம். மூச்சு என்று பொருள். பிரியாணிக்குத் தம் போடுகிறோமே, அதே தம்தான். மூடிய பாத்திரத்துக்குள் ஆவி வெளியே போகாமல், மெல்லிய தீயில் தன் மூச்சிலேயே வேகவைப்பது.

என்னென்ன வேண்டும்

நான்கு பேருக்கான அளவு இது.

சின்ன உருளைக்கிழங்கு – 750 கிராம் (பெரிய எலுமிச்சை அளவில் 14 அல்லது 15)
கடுகெண்ணெய் – பொரிக்க 300 மில்லி. குழம்புக்கு அதிலிருந்தே 4 மேசைக்கரண்டி
காஷ்மீரி மிளகாய்த்தூள் – 3 தேக்கரண்டி
சோம்புத்தூள் – இரண்டரைத் தேக்கரண்டி
சுக்குத்தூள் – 1 தேக்கரண்டி
பெருங்காயத்தூள் – கால் தேக்கரண்டி
சீரகம் – அரைத் தேக்கரண்டி
கிராம்பு 4, பச்சை ஏலக்காய் 4, கருப்பு ஏலக்காய் 2, ஒரு அங்குலப் பட்டை, பிரிஞ்சி இலை 2
அதிகம் புளிக்காத கெட்டித் தயிர் – 1 கப்
தண்ணீர் – ஒன்றரை கப்
உப்பு – தேவைக்கு
கடைசியில் தூவ கரம் மசாலா – ஒரு சிட்டிகை

மஞ்சள்தூளும் கொத்தமல்லித்தூளும் வேண்டாம். கை தன்னாலேயே அந்த டப்பாக்கள் பக்கம் போகும், தடுத்துக்கொள்ளுங்கள்.

கிழங்கு வாங்கும்போது ஒரே அளவாகப் பொறுக்குங்கள். ஒன்று நெல்லிக்காய் மாதிரி, ஒன்று கொய்யா மாதிரி இருந்தால் சின்னது குழையும், பெரியது வேகாது. பேபி பொட்டேட்டோ என்று பொடிசாக விற்பது இதற்கு ரொம்பச் சின்னது. பொரித்து முடிக்கும்போது சுருங்கி வெறும் தோல் மாதிரி ஆகிவிடும். வெந்தால் மாவாக உதிரும் கிழங்கை விட, கொஞ்சம் இறுகி நிற்கும் கிழங்கு நல்லது. புதுக்கிழங்கு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பச்சை ஓடியதையும் முளைவிட்டதையும் தள்ளிவிடுங்கள்.

மிளகாய்த்தூள் விஷயத்தில் ஏமாறக்கூடாது. இந்தக் குழம்புக்கு நிறம் நிறைய வேண்டும், காரம் கொஞ்சம்தான் வேண்டும். நம்ம வீட்டுச் சாம்பார்த்தூளுக்குப் போடும் குண்டு மிளகாயையோ ஆந்திரா மிளகாயையோ மூன்று தேக்கரண்டி போட்டால் கண்ணீர்தான். காஷ்மீரி மிளகாய் கிடைக்கவில்லையென்றால் கர்நாடகாவின் பியாடகி மிளகாயை வாங்கி, விதையை உதிர்த்துவிட்டு அரைத்துக்கொள்ளலாம். சுருக்கம் விழுந்த தோல், அடர்ந்த சிவப்பு, காரம் குறைவு. வேலைக்கு ஆகும்.

சோம்பை வறுக்காமல் பச்சையாகவே மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். நம் பக்கம் எதையும் வறுத்து அரைத்துத்தான் பழக்கம். இங்கே வறுத்தால் இனிப்பு மணம் போய்க் கறிமசாலா வாசனை வந்துவிடும். சுக்கைத் தட்டி, அரைத்து, நார் போகச் சலிக்க வேண்டும். சோம்பு இரண்டு பங்குக்கு மேல், சுக்கு ஒரு பங்கு என்ற கணக்கு மனசில் இருந்தால் போதும், அளவுக் கரண்டி இல்லாமலே கை பழகிவிடும். சில காஷ்மீரிச் சமையல்களில் ஷாஹி ஜீரா என்று ஒன்றைச் சொல்வார்கள். கருப்பாக இருக்கிறதே என்று நம்ம கருஞ்சீரகத்தைப் போட்டுவிடாதீர்கள், அது வேறு செடி, வேறு ருசி. கிடைக்காவிட்டால் சாதாரண சீரகம் போதும்.

அவிப்பதும் குத்துவதும்

கிழங்கைத் தோலோடு கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் உப்புப் போட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவையுங்கள். கொதி வந்ததிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். கத்தி நுனி உள்ளே இறங்க வேண்டும், ஆனால் நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும். முக்கால் வேக்காட்டைக் கொஞ்சம் தாண்டிய பதம். குக்கரில் வைப்பவர்கள் ஒரு விசில் வந்ததும் இறக்கி, ஆவியை உடனே வெளியேற்றிவிடுங்கள். இரண்டாவது விசில் அடித்துவிட்டால் மசால் தோசைக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வடித்துத் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு உரித்தால் மேல்சதை தோலோடு பிய்ந்து வரும். முழுக்க ஆறிய கிழங்கு கொஞ்சம் இறுகும், குத்தும்போது பிளக்காது. நேரம் இருந்தால் முந்தின நாள் இரவே அவித்து, உரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது இன்னும் நல்லது. நான் இப்போதெல்லாம் அப்படித்தான்.

ஆறியதும் தோலை உரித்துவிடுங்கள். அப்புறம் குத்தும் வேலை. ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து, கிழங்கின் நடுவைத் தொடும்வரை நேராக இறக்குங்கள், அப்படியே நேராக வெளியே எடுங்கள். குச்சியை ஆட்டினால் ஓட்டை அகலமாகிக் கிழங்கு விரிசல் விடும். அரை விரல் இடைவெளியில் சுற்றிலும், மேலும் கீழும் என ஒரு கிழங்குக்குப் பதினைந்து இருபது குத்து. நுனியால் மேலாக நாலு குத்து குத்திவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. நானும் அதைத்தான் செய்தேன். முள்கரண்டியின் பல் தடிமன், அதனால் உடையும். உடையுமோ என்று பயந்து நாம் ஆழமாகவும் குத்துவதில்லை. குச்சி மெல்லிசு. கோணி ஊசி இருந்தால் அது இன்னும் சுத்தமாக இறங்கும்.

குத்தி முடித்ததும் அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி, கையால் லேசாகப் புரட்டிப் பத்து நிமிஷம் வையுங்கள். கசியும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் அடுப்படி முழுக்கத் தெறிக்கும்.

பொரிப்பது

கடுகெண்ணெயை வாணலியில் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, புகை எழும்வரை காய்ச்சுங்கள். இதைத் தாண்டிப் போக முடியாது. காய்ச்சாத கடுகெண்ணெய் மூக்கில் ஏறும், தொண்டையைப் பிடிக்கும். புகையும் அளவுக்குக் காய்ந்தால் அந்த நெடி அடங்கி, எண்ணெயின் மஞ்சளும் வெளிறும். அடுப்பை அணைத்து ஐந்தாறு நிமிஷம் ஆறவிட்டு, மறுபடி மிதமான தீயில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்கும் கடுகெண்ணெய் வாசனை ஆகாது என்றால் கடலெண்ணெயில் செய்யலாம், ருசியாகவே இருக்கும். ஆனால் அது காஷ்மீர் ருசி என்று சொல்லிக்கொள்ள முடியாது. நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் சோம்போடு சண்டை போடும்.

கிழங்குகளை ஒரு தடவைக்கு ஏழெட்டாகப் போடுங்கள். தீ மிதத்துக்கும் கீழே இருக்கட்டும். போட்டவுடன் பொடிக் குமிழிகள் நிதானமாக வர வேண்டும். சடசடவென்று பொங்கினால் சூடு அதிகம். முதல் ஐந்து நிமிஷம் கரண்டியே போடாதீர்கள், மேல்பக்கம் இறுகட்டும். அதன் பிறகு அவ்வப்போது உருட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் ஒரு ஈடு பொரிய பதினைந்திலிருந்து இருபது நிமிஷம் பிடிக்கும்.

ஆமாம், இருபது நிமிஷம். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். பொன்னிறம் என்பது சிப்ஸுக்கான பதம். இதற்கு வேண்டியது செங்கல்லைத் தாண்டி, மரப் பழுப்புக்குப் போகும் நிறம். காதுக்கும் ஓர் அடையாளம் உண்டு: ஜல்லிக்கரண்டியால் தட்டினால் ஆரம்பத்தில் சத்தமே இருக்காது. பொரியப் பொரிய, மரக்கட்டையைத் தட்டுவதுபோல ‘டக் டக்’ என்று கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் எடுக்கலாம்.

இவ்வளவு நேரம் எதற்கு? உள்ளேயிருக்கும் தண்ணீர் குத்திய ஓட்டைகள் வழியாக மெல்ல மெல்ல ஆவியாக வெளியேறுகிறது. எண்ணெயில் விடாமல் வரும் குமிழிகள் அதுதான். தண்ணீர் போன இடம் காலியாகி, கிழங்கின் உள்பக்கம் கடற்பஞ்சு மாதிரி ஆகிறது. பின்னால் குழம்பில் போடும்போது அந்தக் காலி இடத்துக்குள்தான் மசாலா ஏறும். தீயைக் கூட்டி ஐந்து நிமிஷத்தில் சிவக்கவைத்தால் நிறம் மட்டும் வரும், உள்ளே தண்ணீர் அப்படியே இருக்கும், குழம்புக்கு இடம் இருக்காது. எனக்கு வெள்ளையாக நின்றது இப்படித்தான்: குத்தும் போதவில்லை, பொறுமையும் போதவில்லை.

பொரித்தெடுத்ததும் சூடு கொஞ்சம் தணிந்தபின் இன்னொரு முறை நாலைந்து குத்து குத்துங்கள். பொரியும்போது சில ஓட்டைகள் மூடிக்கொண்டிருக்கும்.

குழம்பு கூட்டுவது

அடுப்பில் எதையும் வைப்பதற்கு முன்னால் இரண்டு வேலை. தயிரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது வெளியே வைத்து, கட்டியில்லாமல் மத்தால் கடைந்துகொள்ளுங்கள். மிளகாய்த்தூளைக் கால் கப் தண்ணீரில் கரைத்துத் தனியாக வையுங்கள்.

அடிகனமான பாத்திரத்தில், பொரித்த எண்ணெயிலிருந்து 4 மேசைக்கரண்டி ஊற்றிச் சூடாக்குங்கள். கிராம்பு, தட்டிய இரண்டு வகை ஏலக்காய், பட்டை, பிரிஞ்சி இலை, சீரகம் எல்லாம் போகட்டும். சீரகம் பொரிந்ததும் பெருங்காயம். இப்போது பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குங்கள், அரை நிமிஷம் பொறுங்கள், மிளகாய்க் கரைசலை ஊற்றுங்கள். கொஞ்சம் சீறும், பயப்பட வேண்டாம். காய்ந்த எண்ணெயில் வெறும் தூளைக் கொட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் கருகிக் கசந்துவிடும். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அது நடக்காது. திரும்ப அடுப்பில் வைத்துச் சிறுதீயில் கிளறினால் தண்ணீர் வற்றி, இரண்டு மூன்று நிமிஷத்தில் எண்ணெய் செந்நிறமாகப் பிரிந்து ஓரத்துக்கு வரும். மிளகாயின் நிறம் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். குழம்பின் மேலே கடைசியில் மிதக்கப்போகும் சிவப்பு இந்த இரண்டு நிமிஷத்தில்தான் பிறக்கிறது.

இன்னும் ஆழமான நிறம் வேண்டும் என்று சிலர் ரத்தன் ஜோத் என்ற வேர்ப்பட்டையை எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். நம்ம நாட்டு மருந்துக் கடையில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைச் சிவப்பாக்கக் கொடுக்கும் வேம்பாளம்பட்டை ஞாபகம் வருகிறதா? அது மாதிரித்தான் இதுவும். நல்ல மிளகாய்த்தூள் இருந்தால் அது இல்லாமலே நிறம் வந்துவிடும், நான் போடுவதில்லை.

சரி, தயிர். தீயை மிகக் குறைவாக வைத்து, ஒரு கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே மறு கையால் விடாமல் கிளறுங்கள். கொதி வரும்வரை கரண்டி நிற்கக்கூடாது. உப்பையும் இப்போது போடாதீர்கள். கொதி வந்து, தயிரின் வெள்ளை மறைந்து, மசாலா சுருண்டு எண்ணெய் தெரிய ஆரம்பித்ததும் ஆபத்து தாண்டியாயிற்று. சில பண்டிட் வீடுகளில் தயிரே சேர்க்காமல் மிளகாயும் தண்ணீரும் மட்டும் வைத்துச் செய்வார்கள், காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பழகாத நாக்குக்குத் தயிர் சேர்த்ததுதான் இதமாக இருக்கும்.

ஒன்றரை கப் தண்ணீரைச் சூடாக ஊற்றி, சோம்புத்தூள், சுக்குத்தூள், உப்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். பார்க்க ரசம் மாதிரி இருக்கும். தண்ணி அதிகமாகிவிட்டதோ என்று தோன்றும், ஆகவில்லை. கிழங்கு குடிப்பதற்கு வேண்டாமா?

தம்

பொரித்த கிழங்குகளை ஒரே அடுக்காகக் குழம்பில் இறக்குங்கள். ஒரு கொதி வந்ததும் மூடி, மூடியின் விளிம்பைச் சுற்றிக் கோதுமை மாவுத் திரியை ஒட்டுங்கள். மாவு பிசையச் சோம்பலாக இருந்தால் கனமான மூடி போட்டு, மேலே அம்மிக்குழவியையோ தண்ணீர் நிரம்பிய சொம்பையோ வையுங்கள். தீயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, அடியில் ஒரு தோசைக்கல்லும் வைத்துவிட்டால் அடிபிடிக்காது. 25 நிமிஷம். நடுவில் திறந்து பார்க்காதீர்கள். பாத்திரத்தின் காதுகளைப் பிடித்து இரண்டு முறை லேசாகச் சுழற்றிவிட்டால் போதும்.

அணைத்தபின்னும் உடனே திறக்க வேண்டாம், அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். சூடு இறங்க இறங்கத்தான் கிழங்கு குழம்பை உள்ளே இழுக்கும். திறந்தால் எண்ணெய் மேலே சிவப்பாக மிதந்து, கிழங்கின் மேல்பக்கம் சுருங்கி, குத்திய இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். கரம் மசாலாவை ஒரு சிட்டிகை தூவுங்கள். கொத்தமல்லித்தழை வேண்டாம்.

பரிமாறுவதற்கு முன்னால் ஒன்றை எடுத்துப் பிளந்து பாருங்கள். ஓட்டைகள் வழியே சிவப்புக் கோடுகள் நடுவைத் தொட்டிருந்தால் ஜெயித்துவிட்டீர்கள்.

சொதப்பினால்

தயிர் திரிந்துவிட்டால் பதறாமல் கிழங்கு போடுவதற்கு முன்பே குழம்பை இறக்கி, முழு மசாலாக்களைப் பொறுக்கிவிட்டு, ஆறவைத்து மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள். முழுசாகச் சரியாகாது, ஆனால் திரிதிரியாகத் தெரியாது. குழம்பு கசந்தால் மிளகாய் கருகியிருக்கிறது. அதற்கு மருந்தில்லை, மசாலாவைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளிப்பதுதான் வழி. சர்க்கரை போட்டுச் சமாளிக்கப் பார்த்தால் கசப்பும் இனிப்புமாக இன்னும் மோசமாகும். சோம்பு பச்சையாக அடித்தால் தம் நேரம் போதவில்லை, இன்னும் பத்து நிமிஷம் வையுங்கள். கிழங்கு ஒன்றிரண்டு உடைந்தால் போகட்டும், குழம்பு கொஞ்சம் கெட்டியாகும், அவ்வளவுதான்.

எண்ணெய் இவ்வளவா என்று கேட்பவர்கள் ஏர் ஃப்ரையரில் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். ஒரு தடவை செய்து பார்த்தேன். எண்ணெய் தடவி அரை மணி நேரம் வைத்ததில் தோல் காய்ந்து தடித்தது, உள்ளே பஞ்சு மாதிரி ஆகவில்லை. வேறு ஏதோ ஒரு நல்ல பதார்த்தம் கிடைத்தது, தம் ஆலு கிடைக்கவில்லை. எண்ணெய்க்குப் பயந்தால் மாதம் ஒரு முறை செய்யுங்கள், ஆனால் பொரித்தே செய்யுங்கள்.

எதோடு சாப்பிடுவது

வடஇந்தியச் சமையல் என்றாலே சப்பாத்தி என்று நினைத்துவிடுகிறோம். காஷ்மீரிகள் சோற்றுக்காரர்கள். சுடச்சுட வெள்ளைச் சோறு, அதன்மேல் இரண்டு கிழங்கு, ஒரு கரண்டி சிவப்புக் குழம்பு, பக்கத்தில் ஹாக் என்ற கீரை. பண்டிட்டுகள் ஹேரத் என்று கொண்டாடும் சிவராத்திரி விருந்திலும் கல்யாணச் சாப்பாட்டிலும் தம் ஓலவுக்கு இடம் உண்டு. ஹாக் நமக்குக் கிடைக்காது. முள்ளங்கிக் கீரையை உப்பும் பெருங்காயமும் போட்டுத் தண்ணியாக வேகவைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வங்காளத்தின் ஆலுர் தமும், ஒடிசாவின் கட்டாக்கில் தயிர்வடையோடு தரும் ஆலுதமும் இதற்குப் பெயரளவில் சொந்தம், ருசியில் அல்ல. அவற்றோடு ஒப்பிட்டு மசாலா போதவில்லை என்று நினைக்க வேண்டாம்.

செய்த அன்றைக்கு விட மறுநாள்தான் ருசி கூடும். விருந்தாளி வருகிறார்கள் என்றால் முந்தின நாள் சாயங்காலமே செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும். ஃப்ரீசரில் வைத்தால் கிழங்கு மணல்மணலாகிவிடும். மறுபடி சூடுபடுத்தும்போது அரை கப் சூடான தண்ணீர் ஊற்றிச் சிறுதீயில் வையுங்கள், ஏனென்றால் இரவு முழுக்கக் கிழங்கு குழம்பைக் குடித்துவிட்டிருக்கும். பொரித்த எண்ணெயில் மிச்சம் இருப்பதை வடிகட்டி வைத்து, இரண்டு நாளுக்குள் கத்தரிக்காய் வதக்கலுக்கோ காலிஃப்ளவர் பொரியலுக்கோ தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம்.